காலிக்குப்பி

களியக்காவிளையில்
பத்து மணிக்குக் கடை சாத்துவார்கள்.
பத்தேகாலுக்குள்
ஊசியில் நூல் கோர்த்துவிடுவேன்.
நெற்றி, உள்ளங்கை,
ஒருமுறை பாறசாலைக்காரன் ஒருவனின் காது.
எல்லாம் உடைந்த குப்பிதான்.

சித்திரையில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள்:
காலிக்குப்பி திருப்பித் தந்தால் பத்து ரூபாய்.

நேற்று ஸ்டீபன்சன் வந்தான்,
மூக்கு வீங்கி, சட்டை கிழிந்து.
அடித்தது ஷிபு.
கையில் குப்பி இருந்ததாம்.
ஓங்கியிருக்கிறான்,
பிறகு அதைப் பைய மதிலில் வைத்துவிட்டு
வெறுங்கையால் குத்தினானாம்.

"பத்து ரூவாயில்லியா எக்கா."
சிரிக்கப் பார்த்தான், வலித்தது.

பஞ்சு போதுமாயிருந்தது.
நூலைத் திரும்பச் சுற்றி வைத்தேன்.

வெளியே பெஞ்சில்
கூட்டிவந்த ஷிபுவே உட்கார்ந்திருந்தான்,
மடியில் குப்பி.
"சேச்சி,
நாளைக்குக் கடை எத்தற மணிக்கு?"