ஏழு

வெயில் ஏறினால் புழு குருத்துக்குள் இறங்கிவிடும்.
ஆகவே இருட்டு கலையும் முன்பே
கிமிலிலி பண்ணையின் கம்பி வேலிக்குள் நுழைந்துவிடுவேன்.
நாளொன்றுக்கு நானூறு ஷில்லிங்.
பென்சில் கொடுத்திருக்கிறார்கள்,
ரப்பர் கொடுக்கவில்லை.

என் பொறுப்பில் இரண்டு பாத்தி.
நான்காம் எண்ணில் மக்காச்சோளம் மட்டும்,
பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக.
ஐந்தாம் எண்ணில் சோள வரிசைகளுக்கு நடுவே பீன்ஸ்,
வெண்மை தெறித்த சிவப்பு விதை,
ரோஸ்கோகோ என்பார்கள் எங்கள் பக்கம்.

பாத்திக்கு இருபது செடி, காம்பில் சிவப்பு நூல் கட்டியவை.
குருத்தை விரலால் விரிக்க வேண்டும்.
மரத்தூள் போல எச்சம் கிடந்தால்
உள்ளே ஆள் இருக்கிறான்,
நெற்றியில் கவிழ்த்த கவட்டைக் குறியோடு.

நான்காம் எண்: மூன்று, ஐந்து, நான்கு, மறுபடி ஐந்து.
ஐந்தாம் எண்: ஒன்று. இல்லை. இல்லை. இரண்டு.
இல்லை.

ஏன் என்று ஒடுவோரைக் கேட்டேன்.
அந்துப்பூச்சிக்கு மணம் குழம்பிவிடுகிறது என்றான்,
இன்னும் என்னென்னவோ சொன்னான்.
எனக்கு அதுவே போதும்.
கடன் கொடுத்தவள் எதிரே வந்தால்
சந்தைக் கூட்டத்துக்குள் நானும்
இப்படித்தான் குழம்பிவிடுவேன்.

பீன்ஸ் ஒன்றும் உத்தமி இல்லை.
அதற்கும் அசுவினி உண்டு, தண்டெல்லாம் கருமையாய் அப்பிக்கொண்டு.
ஆனால் அதன் இலையைத் தூக்கிப் பாருங்கள்,
மண் அங்கே இன்னும் ஈரமாயிருக்கும்.
காதுப்பூச்சி ஓடும், சிலந்தி ஓடும்,
எறும்புகள் எதையோ இழுத்துப் போகும்,
அந்த எதையோவின் நெற்றியில் ஒரு கவட்டை.
இவர்களை எழுத
படிவத்தில் கட்டம் கிடையாது.

இனி பதினொன்றாம் செடியைப் பற்றி.
நான்காம் எண்ணில், வேலியோரம்.
இலையெல்லாம் சல்லடை.
முந்தாநாள் ஏழு என்று எழுதினேன்.
நேற்றும் ஏழு என்று எழுதிவிட்டு, போகாமல் நின்றேன்.
என் வீட்டுக் காட்டில் இதே புழு
இந்நேரம் இதே குருத்தைத் தின்னும்,
நான் இங்கே கூலிக்கு
அடுத்தவர் புழுவை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும்.
ஏழு முறை.
பிறகு குருத்துக்குள் ஒரு சிட்டிகை மண்.

இன்று காலை அங்கே பூஜ்யம்.
பூஜ்யம் உண்மைதான்.
பூஜ்யத்தை எழுதினேன்.
எழுதியதும் அது பொய்யாகிவிட்டது.
நான்காம் எண் தானாகப் பிழைத்துக்கொண்டதாக
எங்கோ ஒரு மேசையில் யாரோ நம்புவார்கள்.
அழிக்க ரப்பர் இல்லை.
ஓரத்தில் சின்ன எழுத்தில் சேர்த்தேன்:
கொல்லப்பட்டவை ஏழு.
கொன்றது நசாம்பு.

ஒடுவோர் இரண்டு முறை படித்தான்.
திட்டுவான் என்று நின்றேன்.
பதினொன்றின் மேல் ஒரு கோடு போட்டான்,
வயலுக்குள் இறங்கி, சிவப்பு நூலை அவிழ்த்து,
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு,
இனி பன்னிரண்டிலிருந்து எண்ணு, என்றான்.
அரை நாள் கூலி பிடித்துக்கொண்டான்.

அந்தச் செடி இப்போது
யாருடைய கணக்கிலும் இல்லை.
போகிற போக்கில் அதற்கு மட்டும்
தினம் ஒரு சிட்டிகை மண் போடுகிறேன், யாரும் கேட்பதில்லை.

இருநூறு ஷில்லிங்குக்கு
கிமிலிலி சந்தையில் எவ்வளவு ரோஸ்கோகோ விதை கிடைக்கும்
என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.
கடன் கொடுத்தவளிடமேதான் விசாரித்தேன்.