நீல டின்

குளுவாங்கிலிருந்து பாதி லோரியிலும் பாதி நடையிலும்
பாலம் தாண்டி வந்தவர்களுக்கு
சிராங்கூன் சாலைப் பள்ளிக்கூடத்தில்
ஐந்தாம் வகுப்பு கிடைத்தது.
கரும்பலகையில் பாதிக் கணக்கு:
ஒரு தொட்டியை இரண்டு குழாய்கள் நிரப்பினால்
மீதியை யாரோ முதுகால் தேய்த்துவிட்டார்கள்.

சாக்பீசால் தரையைப் பிரித்துக்கொண்டோம்.
கால் நீட்டினால் ஆ சூன் வீடு.
அவள் குழந்தை இரவில் உருண்டு
எங்கள் வீட்டுக்குள் வந்துவிடும்.
எங்களுக்குள் பாசா மலாய், இருபது சொல்,
அதில் பாதி தண்ணீரைப் பற்றி.

அத்தனை பேருக்கும் ஒரே பைப்பு.
ஆட்கள் கூட்டமாய் நின்றால் விமானம் வரும் என்றார்கள்.
ஆகவே டின்கள் நின்றன.
பால் டின், பிஸ்கட் டின்,
ரப்பர் பால் வாடை இன்னும் போகாத
தோட்டத்து வாளி,
டின் இல்லாதவர்கள் வைத்த செங்கல்,
செங்கல்கூடக் கிடைக்காதவர் வைத்த
ஒற்றைச் செருப்பு.
சங்கு ஊதினால் ஓடிப்போய்க் கால்வாயில் படுப்போம்.
திரும்பி வந்தால் வரிசை அப்படியே நிற்கும்.
ஒரே ஒரு நாள் செருப்பைக் காணோம்.
குண்டு விழுந்த நாளைவிட அன்றைக்குச் சத்தம் அதிகம்.

நீல டின் கூத்தாயியுடையது.
மூக்குத்தியைக் கொடுத்து அரிசி வாங்கி வர்றேன்,
டின்ன கொஞ்சம் தள்ளிவிட்டுக்க என்று
புருஷனையும் பையனையும் கூட்டிக்கொண்டு போனாள்.
அது பத்து மணி.
பதினொன்றுக்கு இருபத்தேழு விமானம்.
பிள்ளைகள் எண்ணிச் சொன்னார்கள்,
அவர்களுக்கு இப்போது அதுதான் கணக்குப் பாடம்.

மதியம் ஒருவர் வந்தார்.
சடக்கின் பேரைச் சொன்னார்.
கடையின் பேரைச் சொன்னார்.
அப்புறம் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

நான் என் டின்னைத் தள்ளினேன்.
பிறகு, காலால், நீல டின்னை.
பின்னால் இருந்தவள் பார்த்தாள், பேசவில்லை.
அடுத்த முறை அவள் தள்ளினாள்.
அதற்கடுத்து யார் தள்ளினார்களோ,
நான் ஈரத் துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் நீல டின் பைப்படிக்கு வந்து சேர்ந்தது.
தண்ணீர் நூலாய் விழுந்துகொண்டிருந்தது.
வீணாக்க யாருக்கும் மனசில்லை.
பிடிக்கவும் இல்லை.
ஆ சூன்தான் குனிந்து டின்னை நேராக வைத்தாள்.
முதலில் தகரத்தின் சத்தம்,
வெகு நேரம் கழித்துத் தண்ணீரின் சத்தம்.
ஆளுக்கொரு பக்கமாய்த் தூக்கிப்போய்
கூத்தாயியின் கோட்டுக்குள் வைத்தோம்.

இரவு யாரோ மூன்று குவளை எடுத்திருந்தார்கள்.
நான் கேட்கவில்லை.
காலையில் எண்ணெய்க் கிடங்குப் புகையின் கரி
மேலே ஆடையாய்ப் படிந்திருந்தது.
ஊதி ஒதுக்கிவிட்டு மகனுக்கு மொண்டு கொடுத்தேன்.
"இது யாரு தண்ணிம்மா?"
குடி என்றேன்.

காலி டின்னைக் கொண்டுபோய்
மறுபடி வரிசையில் வைத்தேன்,
செங்கலுக்குப் பின்னால்.