மலையின் பின்பக்கம்

பதினோரு பேருக்கு மேல் கூட்டிப் போவதில்லை.
குகைக்குள் அவ்வளவுதான் நிழல்.

மாட்டுத்தாவணியில் ஐந்தரைக்கு ஏறினார்கள்.
நூருல் ஐன் டீச்சர், அகலத் தொப்பியோடு.
பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்த இருவர்.
மஹால் பக்கத்துக் கணவன் மனைவி:
தங்களுக்குள் சௌராஷ்டிரத்தில் சண்டை,
எங்களைப் பார்த்துத் தமிழில் சிரிப்பு.
ஒரு பல் டாக்டர், அவர் மகள்.
மூன்று பேர் ஏறியதுமே தூங்கிவிட்டார்கள்.
கடைசி சீட்டில் வீரணன்,
பணத்தை முன்கூட்டி முழுசாகக் கட்டிய ஒரே ஆள்.
தொழில் என்ற கட்டத்தில்
ஒரு கோடு போட்டிருந்தார்.

ஒத்தக்கடையில் பொங்கல், வடை.
யானைமலை
இடது ஜன்னலில் கொஞ்சம், வலது ஜன்னலில் கொஞ்சம்
காட்டிக்கொண்டே வந்தது.
மேலூர் தாண்டி, கண்மாய்க்கரையில்
ஒச்சப்பன் வண்டியை நிறுத்தினான்.
இந்த மலைக்கு நூறு நடையாவது ஓட்டியிருப்பான்;
ஏறியதில்லை.
"மேல என்னக்கா இருக்கு, கல்லுதான?"

கல்தான்.
கல்லில் படுக்கை, தலைமாட்டில் சின்ன மேடு.
குகையின் நெற்றியில் புருவம்போல ஒரு வெட்டு:
மழைநீர் உள்ளே ஒழுகாமல்
அங்கேயே சொட்டி விழுந்துவிடும்.
அதன் கீழே நனையாமல் ஒரு வரி, தமிழியில்.
வழக்கமாக இங்கே நான் குரலைத் தாழ்த்துவேன்.
"இரண்டாயிரம் வருஷம்" என்பேன்,
மூன்று எண்ணுவேன்,
யாராவது "ஆத்தாடி" என்பார்கள்.
நேற்று டீச்சர் சொன்னார்.

எழுத்தெழுத்தாய்க் கூட்டி வாசித்தேன்:
வெட்டுவித்தவன் பெயர், அவன் ஊர்.
பெங்களூர்க்காரர் கைதட்டினார்.

"வெட்டுனவன் பேரு?"
வீரணன்தான்.

"இதில் இல்லை சார்."
"கூலி?"
"அதுவும் இல்லை."
அவர் தலையை ஆட்டிக்கொண்டார்,
தெரிந்த கணக்கு என்பதுபோல.

எல்லோரும் படம் எடுத்து முடிக்கும்வரை நின்றிருந்தார்.
பிறகு ஓரத்துப் படுக்கையில் மண்டியிட்டு
உளித்தடத்தில் விரலை ஓட்டினார்.
"இந்த ஒண்ணு மட்டும் வேற ஆளு.
இடதுகைக்காரன்.
இந்த இடத்துல உளி முனை போயிருக்கு,
அடிச்சுட்டு வந்து திரும்பத் தொடங்கியிருக்கான்."

நூறு நடை நடந்து,
நூறு தடவை அந்த வரியை வாசித்து,
எனக்கு அந்தப் பள்ளம் தெரியாது.
நிஜமா, அளந்துவிட்டதா?
கேட்க வாய் வரவில்லை.
பல் டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு
"இருக்கலாம்" என்றார்,
எக்ஸ்ரே பார்க்கிற முகத்தோடு.

இறங்கும்போது
வரிசையில் பத்துப் பேர்.

திரும்பி ஏறினேன்.
மலையின் பின்பக்கம், வெயிலில், தனியாக.
பாறையில் மங்கிய சிவப்புப் பெயிண்ட்:
17.
பக்கத்தில் ஓர் அம்பு.

"கம்பெனில மார்க்கிங் எனக்கு.
ஒண்ணுலேருந்து நாப்பதுவரை நான்தான் போட்டேன்.
இந்த மலைய கன மீட்டர்ல எழுதிக் குடுத்தேன்.
அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல.
குளிருற கல்லு, நரம்பு ஓடாத கல்லு,
நல்ல வெல போகும்னு எழுதினேன்."

"வெட்டலையே சார்?"

"ஊரே வந்து உக்காந்துருச்சு.
கம்பெனி வேற மலைக்குப் போச்சு.
நானும் போனேன்."

எதற்கும் பதில் வைத்திருப்பவள் நான்.
இதற்கு என் தாளில் எதுவும் இல்லை.
கீழே ஒச்சப்பன் ஹாரன் அடித்தான்.

"இது அழிய எத்தன வருசம் ஆகும்?
நீங்க எழுத்துப் படிச்சவங்க."

"மழை நேரா விழுகிற பக்கம், சீக்கிரம்."

அவர் மேலே பார்த்தார்.
அவருடைய எண்ணுக்கு மேல்
யாரும் புருவம் வெட்டியிருக்கவில்லை.

வேனில் ஒச்சப்பன் தலை எண்ணினான்.
பதினொன்று.
தூங்குகிற மூவரும் மறுபடி தூங்கியாயிற்று.
டாக்டரின் மகள் கேமராவில்
பின்பக்கத்துப் படம் ஒன்று இருந்தது.
எப்போது வந்தாள், யார் பின்னால் நின்றாள்,
தெரியவில்லை.
"இது எந்தக் காலம், ஆன்ட்டி?" என்றாள்,
17-ஐப் பெரிதாக்கிக் காட்டி.

கடைசி சீட்டில் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார் அவர்.

"நம்ம காலம்" என்றேன்.
வழக்கமான இடைவெளி விடவில்லை.