மாடிப்படி

படத்தில் அந்த வீட்டுக்கு மாடி இருந்தது.
எங்கள் வீட்டுக்கு இல்லை.
அதனால் ஹாலில் ஒன்பது படி வைத்தார்கள்,
பிளைவுட்டில், தேக்கு நிறம் அடித்து.
ஒன்பதாவதில் ஏறி நின்றால்
தலை தகரத்தில் இடிக்கும்.
காமிராவுக்கு ஏழு போதும் என்றார்கள்.

குன்னூரில், பெட்ஃபோர்டுக்குக் கீழே,
தொண்ணூற்றொன்பது ஜூன்.
நூறு நாள் ஓடிய படம்.
அதையே ஞாயிறு காலை பத்தரைக்கு
அரைமணி அரைமணியாக நறுக்கிப் போட ஏற்பாடு.
படத்தில் ஆறு பிள்ளைகள், டிவியில் மூன்று.
மீதிப் பேர் ஹாஸ்டலில் இருப்பதாக
முதல் வாரமே ஒரு வசனம் வந்துவிட்டது.
படத்தில் இடைவேளையோடு அப்பா
பஸ் ஏறிப் போய்விடுவார்.
டிவியில் போகவிடவில்லை.
வாராவாரம் பஸ்ஸைத் தவறவிட்டு
குடையோடு திரும்பி வந்தார்.

நாங்கள் நாலு பேரும் பின்கட்டில்,
ஸ்டோர் ரூமும் சமையலறையும்.
இருபத்தாறு வார வாடகை பேசியிருந்தது.
அப்பா யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடன்
அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.
'சைலன்ஸ்' என்று கத்துவான் ஒருவன்,
பழனியாண்டி, என்னைவிட இரண்டு வயது மூத்தவன்.
அதோடு எங்களுக்குக் குக்கர் கூடாது,
குழாய் கூடாது, இருமல் கூடாது.
அம்மா கிசுகிசுப்பில் சண்டை போடக் கற்றுக்கொண்டாள்.
யாரைக் கேட்டுப் போட்டீங்க கையெழுத்து
என்பதை உதட்டால் மட்டுமே சொல்லிவிடலாம் என்று
எனக்கு அந்த மாதம்தான் தெரிந்தது.
அப்பா பதிலுக்கு
உருளைக்கிழங்கை இன்னும் மெல்லிசாக நறுக்குவார்.

கதவிடுக்கில் நானும் தம்பியும்.
அவர்களுடைய அம்மா ஏதோ சொல்வாள்.
உடனே எல்லோரும் அப்படியே நிற்பார்கள்,
அப்பா கையில் குடை,
பெரியவன் வாயில் வர்க்கி, மெல்லாமல்.
மூன்று எண்ணி, அடுத்த வசனம்.
மறந்து மறந்து போறாங்க என்றான் தம்பி.
பழனியாண்டிதான் விளக்கினான்:
அது சிரிப்புக்கு விட்ட இடம்.
சிரிப்பு மெட்ராஸ்ல இருக்கு.
அப்புறமாப் போடுவாங்க.

ஒருநாள் பனி ஜன்னலேறி வந்து
சோபாவில் உட்கார்ந்துகொண்டது.
இரண்டு ஹீட்டர் வைத்து
ஒரு மணிநேரம் அதைத் துரத்தினார்கள்.
பிறகு மிஷினைப் போட்டுப் புகை விட்டார்கள்,
படத்தில் பனி இருந்ததாம்.

ஒன்பது வாரம்.
பத்தாவது ஞாயிறு அந்த நேரத்தில்
ஒட்டாத தோசைக்கல் ஒன்றை
திருப்பித் திருப்பிக் காட்டினார்கள்.

பத்தாவதை எடுத்து முடித்திருந்தார்கள், போடவில்லை.
அதில் அப்பா பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார்.
ஐந்தாம் படியில் அந்த அம்மா,
மடியில் ஈரக் குடை.
அவள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனாலும்
எல்லோரும் நின்றார்கள்.
மூன்று எண்ணினேன். ஏழு எண்ணினேன்.
அரவங்காட்டுச் சங்கு ஊதி ஓய்ந்தது.
யாரும் கட் சொல்லவில்லை.

சோபா போனது, விளக்குகள் போயின,
சுவரில் மாட்டியிருந்த யாரோ தாத்தா போனார்.
பழனியாண்டி வேனின் பின்பக்கம் உட்கார்ந்து
கையை ஆட்டினானா, வயரைச் சுருட்டினானா
என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை.
படியைப் பிரிக்கக் கூலி கட்டாது என்று
விட்டுவிட்டார்கள்.
பதினேழு வார வாடகையையும்.

கீழ்ப்படிகளில் பூண்டு காயப்போட்டோம்.
ஆறாவதில் டெலிபோன்.
சத்தம் போடலாம் என்று ஆன பிறகும்
அம்மா கிசுகிசுத்துக்கொண்டுதான் இருந்தாள்,
பால்காரரிடம்கூட.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி
சாப்பாட்டுக்கு நடுவில் அப்பா சொன்னார்:
சொசைட்டியிலேர்ந்து நோட்டீஸ் வந்திருக்கு.
தம்பி கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினான்.
நானும் மெல்லவில்லை.
ஒன்று.
இரண்டு.
மூன்றுக்குள் அம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது,
ரசம் புரையேற, கண்ணில் நீர் வர,
கூரைத் தகரம் அதிரும்படி.

அப்பா திடுக்கிட்டு
மாடிப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார்.