கட்டில் இரும்பு

ஒரு பின்.
சுண்டுவிரல் நீளம், நுனியில் ஒரு வளையம்.
அது கழன்றால் பின்னால் மாட்டிய கட்டரும் கழன்றுவிடும்.
இந்த வருஷம் மட்டும் ஏழு தொலைத்தேன்.
ஏழும் என் நிலத்தில்தான் கிடக்கின்றன,
டிசம்பரில் வெட்டி விற்க வளர்க்கும்
பால்சம் மரங்களின் காலடியில் எங்கோ.
முளைக்கும் என்றால் சொல்லுங்கள், தண்ணீர் ஊற்றுகிறேன்.

மேல் வயலிலிருந்து கொட்டகைக்குப்
பதினொரு நிமிட நடை.
திரும்பும்போது ஏற்றம், பதினான்கு.
கோபத்தில் எடுத்த கணக்கு இது.

டிராக்டர் சின்னது.
இருபத்து மூன்று குதிரைகள்,
அதில் இரண்டு மூன்று நோஞ்சான் என்பார்
பக்கத்து நிலத்து லோர்ன் ஹர்ட்டில்.
செய்தவர்கள் நிறைய யோசித்திருக்கிறார்கள்:
காப்பிக் கோப்பைக்கு ஒரு குழி,
முழங்கை வைக்க ஒரு மெத்து.
ஒரு ஸ்பேனர் எங்கே படுக்கும் என்று
யாருக்கும் தோன்றவில்லை.

ஆகவே பெட்டி.
பிரிட்ஜ்வாட்டர் பழைய சாமான் கடையில்
ராணுவத்துத் தோட்டாப் பெட்டி, பன்னிரண்டு டாலர்.
மூடி விளிம்பில் ரப்பர், மழை இறங்காது.
பக்கவாட்டில் மஞ்சள் எழுத்தில் இருநூறு என்றிருந்தது.
அந்த இருநூறும் எங்கே போயின என்று
கேட்காமல் வாங்கினேன்.

அதைத் தாங்க ஒரு சட்டம் வேண்டும்.
கோண இரும்புக்குக் கடை தேட வேண்டியதில்லை:
கொட்டகைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது
டாரலும் நானும் பத்தொன்பது வருஷம் படுத்த கட்டில்.
மெத்தையை அவன் கொண்டுபோனான்.
சட்டத்தை விட்டுவிட்டான்; கனம் என்றான்.

கட்டில் இரும்பு லேசுப்பட்டதில்லை.
பழைய தண்டவாளத்தை உருட்டிச் செய்வார்களாம்.
முதல் டிரில் பிட் நீலமாகி மழுங்கியது.
இரண்டாவது ஒடிந்து என் கன்னத்தை உரசிப் போனது.
மூன்றாவதற்கு எண்ணெய் விட்டு,
வேகம் குறைத்து, கெஞ்சிக் கெஞ்சி
ஓர் ஓட்டைக்கு அரை மணி.
இவ்வளவு உறுதி இருந்திருக்கிறது,
எங்களுக்குக் கீழேயே.
ஆடியது நாங்கள்தான்.

இருக்கைக்குப் பின்னால் பாதுகாப்பு வளையத்தில்
துளை போடாதே என்று ஒட்டியிருக்கிறது,
டிராக்டரோடு கவிழ்ந்த ஒரு மனிதனின் படத்தோடு.
போடவில்லை.
இரண்டு யூ போல்ட், வளையத்தை அணைத்துப் பிடித்தன.
ஒன்றை அளந்து வைத்தேன், மற்றதைக் கண்ணால்.
பெட்டி இடப்பக்கம் கொஞ்சம் சாய்கிறது.
கேட்டால் நிலம்தான் சாய்வு என்பேன்.

கலகலக்காமலிருக்கப் பழைய டியூபைக் கிழித்து அடியில் விரித்தேன்.
பின் ஒரு டஜன்.
கட்டர் எதிலாவது மோதினால் தான் அறுந்து
மற்றதைக் காப்பாற்றும் போல்ட், ஆறு.
இடுக்கி. கம்பிச் சுருள். இடது கையுறை மட்டும்.
பாதி தின்ற சாக்லேட், அதைக் கருவி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.
கடைசி நட்டை இறுக்கி
மூடியைச் சாத்தினேன். டக்.
அந்தச் சத்தத்துக்காகவே
இன்னும் இரண்டு முறை திறந்து மூடினேன்.

மறுநாள், முதல் உறைபனி.
மேல் வயலில் கட்டர் ஒரு கல்லைக் கடித்தது.
போல்ட் அறுந்தது.
எஞ்சினை அணைத்து, அவசரமில்லாமல் இறங்கினேன்.
ஒன்று உடைந்ததற்காக
இதுவரை இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.
திறந்தேன்.
போல்ட் இருந்தது. பின்கள் இருந்தன.
சாக்லேட் கல்லாகியிருந்தது.
பதிமூன்றாம் எண் ஸ்பேனர் மட்டும்,
பெட்டியின் கடைசி நட்டை இறுக்கிய அதே ஸ்பேனர்,
கொட்டகை மேசையில்
நேற்று வைத்த இடத்தில் இருந்தது.

பதினொரு நிமிடம்.
பாதி வழியில் லோர்ன் லாரியை நிறுத்தி
கண்ணாடியை இறக்கினார்.
"பெட்டி ஜோராயிருக்கு. இங்கேயிருந்தே தெரியுது."
மேட்டைப் பார்த்தார், தலையைச் சாய்த்து.
"கொஞ்சம் கோணலோ?"

"நிலம்" என்றேன்,
நிற்காமல்.