வரிவிலக்கு

ஒருகொடவத்தைச் சுங்கக் கிடங்கில்
பெட்டியைப் பிரித்ததும் அதிகாரி கேட்டார்:
புதுசா, பழசா?
இந்த வருடத்துப் புத்தகங்கள்தான், ஆனால்
வாசித்து முடித்தவை என்றேன்.
என் சிங்களத்தில் அது
'இந்த வருடம் முடிந்துவிட்டது' என்று விழுந்திருக்க வேண்டும்.
சிரித்தார். புத்தகத்துக்கு வரி இல்லை, கொண்டு போங்கோ.

அறுபத்து மூன்று.
மெல்பேணிலிருந்து தங்கச்சியின் மகள் துஷ்யந்தி அனுப்பியவை.
அங்கே ஏதோ ஒரு பரிசுக்கு அவள் நடுவர்.
வீட்டில் கால் வைக்க இடமில்லை மாமா,
லொட்ஜில் சும்மா இருக்கிற ஆக்கள் வாசிக்கட்டும்.
குரல்பதிவின் பின்னால் கேத்தல் கொதித்தது.
பரிசு யாருக்கென்று மட்டும் சொல்லிவிடாதே என்றேன்.

சும்மா இருக்கிற ஆக்கள் இப்போது குறைவு.
முன்பு பதினாறு அறையிலும் காத்திருந்தார்கள்
விசாவுக்கு, ஏஜென்சிக்காரனின் அழைப்புக்கு,
பொலிஸ் பதிவுத் துண்டுக்கு.
இன்று வெள்ளவத்தைக்கு வருவது
கண் ஒப்பரேசனும் கல்யாணச் சேலையும்.

ஆகவே நானே வாசித்தேன்.
காலி வீதி பஸ்களின் ஹோர்னுக்கு நடுவே
ஒரு கைப்பக்கம் அகராதி, மறு கைப்பக்கம் சாவிப் பலகை.
மழை மறந்த ஊர்களில் செம்மறி வளர்க்கும் விதவைகள்.
டிசம்பரில் காடு எரிகிறது, ஜூலையில் கம்பளி தேடுகிறார்கள்.
ஒரு கவிதைத் தொகுதியில் பக்கத்துக்கு நாலே சொல்;
மிச்ச வெள்ளைக்கும் சேர்த்துத்தான் விலை.
ஆற்றின் பெயரை அதன் முதல் மொழியிலேயே எழுதிவிட்டு
மொழிபெயர்க்க மறுத்த பெண்ணொருத்தியின் புத்தகம்,
அதை மட்டும் இரண்டு தரம்.

ஓரங்களில் துஷ்யந்தியின் பென்சில்.
கேள்விக்குறி. தேநீர் வட்டம். ஓரிடத்தில் 'ஐயோ'.
நாற்பத்தேழாம் பக்கத்தில் பென்சில் களைத்து நின்ற ஒன்றை
அங்கிருந்தே தொடங்கினேன்.
மிச்சத் தூரம் யாராவது போகத்தானே வேண்டும்.

ஓகஸ்டில் முப்பத்தெட்டாவது.
அட்டையில் பெயர்: சஷா நவா.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு லொட்ஜ்,
கடலுக்கு இறங்கும் ஒழுங்கை, தண்டவாளம்,
ரயில் போகையில் நடுங்கும் தண்ணீர்க் கிளாஸ்,
பதினோராம் அறை.

பதினோராம் அறைக்கு ரயில் கேட்காது.

பழைய பதிவேட்டை எடுத்தேன்.
நவரத்தினம் சசிகரன், வயது 22, கொக்குவில்,
அறை 14, வந்த நோக்கம் வைத்தியம்.
எல்லோருக்கும் வைத்தியம் என்றுதான் எழுதுவேன்.

அவன் கதையில் முகாமையாளர் நல்ல மனிதர்.
வாடகை வேண்டாம் என்கிறார்.
போகிற அன்று விடியப்புறம் மூன்று மணிக்கு
சூடாகப் பாண் வாங்கிக் கையில் தருகிறார்.
நான் இரண்டு மாத முற்பணம் வாங்கினேன்,
திருப்பிக் கொடுக்கவில்லை.
மூன்று மணிக்கு எங்கள் பக்கத்தில் எந்தப் பேக்கரியும் திறந்ததில்லை.

அந்த அத்தியாயத்தின் மேல் குறுக்காக
மெல்லிய பென்சில் கோடு:
நீளம். வெட்டலாம்.

வருடக் கடைசியில்தான் அவளிடம் கேட்டேன்.
ஆற்றுப் பெண்ணுக்காம்.
சரியான தீர்ப்பு, நானும் அதையே கொடுத்திருப்பேன்.
சஷா கடைசி ஐந்துக்குள் வந்தான் மாமா,
ஏன், அவனைத் தெரியுமோ?
எத்தனையோ பேர் வந்து போனார்கள் என்றேன்.

பின்னட்டையில் விலை முப்பத்து மூன்று டொலர்.
இன்றைய மாற்று விகிதத்தில் பெருக்கினால்
அன்றைய முற்பணத்துக்கு ஏறக்குறைய நேராகிறது கணக்கு.
ஆனால் புத்தகத்தை நான் வாங்கவில்லையே,
அதுவும் சும்மா வந்தது, வரிகூட இல்லாமல்.

இரவு, மேசை லாச்சியில் அழிறப்பர் தேடி
துஷ்யந்தியின் கோட்டை அழித்தேன்.
பதினொன்றை வெட்டிப் பதினான்கு என்று எழுதினேன்.
பாணில் கை வைக்கவில்லை.