அறுபது சொற்களுக்குள்

பலகைக்கு அறுபது சொல் போதும் என்றார் மேலாளர்.
அதற்கு மேல் யாரும் நின்று படிப்பதில்லை,
பிள்ளைகள் கழிப்பறை கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

கோல்ட் லேக். வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கொட்டகைக்குள் ஹீட்டர் ஒன்று செருமிக்கொண்டே இருக்கிறது.
நடுவில் 311. ஸ்டார்ஃபைட்டர்.
உடம்பு முழுக்க ஊசி;
இறக்கை என்று பார்த்தால் பக்கத்துக்கு ஓர் ஆள் நீளம்தான்.
அதன் முன்விளிம்பு அரிவாள்மணை.
தரையில் நிற்கும்போது சிவப்பு உறை மாட்டிவைப்பார்களாம்,
எதிரிக்காக அல்ல,
எண்ணெய் துடைக்க வருகிறவனின் நெற்றிக்காக.

நான்கு அட்டைப்பெட்டி, பதினேழு பதிவேடு,
இருபத்தோராண்டு.

1964 மார்ச் 9. புகார்: விமானி அறையில் விசில் சத்தம்.
நடவடிக்கை: தேடினோம், கிடைக்கவில்லை.
மார்ச் 11. புகார்: விசில் சத்தம்.
நடவடிக்கை: தேடினோம்.
மார்ச் 16. விசில் இல்லை.
காரணம்: விமானி விடுப்பில்.
ஒப்பம், ஓ. பெட்ரிஷின். நீல மை, வலப்பக்கம் சாய்ந்த எழுத்து.

இந்த ஆளை எனக்குப் பிடித்துப்போயிற்று.
விமானத்தோடு ஜெர்மனிக்கும் போயிருக்கிறார், ஆறு வருடம்.
அங்கே அதன் வயிற்றுக்கடியில்
ஒரே ஒரு குண்டுக்கான கொக்கி.
எந்தக் குண்டு என்று ஏடு வாய் திறக்கவில்லை.
கொக்கிக்கு எண்ணெய் வைத்த தேதிகள் மட்டும் இருக்கின்றன,
சனிக்கிழமை முழுக்குப் போல, வாரம் தவறாமல்.
பயிற்சிக்குத் தவிர அது ஒருமுறையும் திறக்கவில்லை.
எதற்காகச் செய்தார்களோ அதைச் செய்யாமலே
ஓய்வு பெற்றிருக்கிறது.
இதைப் பலகையில் எப்படி எழுதுவது?
சாதனை என்றா?

எனக்கு ஜெட் என்றால் கீழிருந்துதான் பழக்கம்.
பங்கருக்குள், பிடரியில் மண் உதிர,
போகிறதா திரும்புகிறதா என்று
சத்தத்தை வைத்தே கணக்குப் பார்ப்போம்.
அதற்குள்ளும் ஏதாவது விசிலடித்திருக்கும்,
அதையும் ஒருவன் நீல மையில் எழுதியிருப்பான் என்று
அப்போது தோன்றவில்லை.
இப்போதும் நினைக்க விருப்பமில்லை.
பெட்டியை மூடிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

பன்னிரண்டாம் ஏட்டில்,
1971. இடது இறக்கை மாற்றப்பட்டது. பெற்றது 288-இலிருந்து.
288-ஐத் தேடினேன். அதற்கு ஏடு ஒன்றரைதான்.
மழை. ஓடுபாதை முடிந்தும் நிற்கவில்லை.
லெப்டினன்ட் கார்த் ஹேமில்.
சேதப் பட்டியல் இரண்டு பக்கம்;
அதில் இல்லாதது இடது இறக்கை.

ஆக, 311 என்பது முழுக்க 311 இல்லை.

வியாழக்கிழமை லாய்ட்மின்ஸ்டரிலிருந்து
டிரக் ஓட்டிக்கொண்டு வந்தார் லோர்னா ஹேமில்.
அப்பா போனபோது நான் ஏழு மாதக் கரு என்றார்,
வண்டிக்கு எங்கே பெட்ரோல் போடலாம் என்று கேட்கிற குரலில்.
எது?
காட்டினேன்.
கையுறையைக் கழற்றி, தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி
விரல்முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார்.
இவ்வளவு மெல்லிசா, என்றார்.
விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினார்.
தொடாதீர்கள் என்று நான் சொல்வதற்குள்
ஒரு சிவப்புக் கோடு.
விரலைச் சப்பிக்கொண்டே சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.
பிளாஸ்டர் ஒட்டிவிட்டேன்,
டைனோசர் படம் போட்டது, அதுதான் இருந்தது.

கடைசி ஏட்டில் பதினொரு பக்கம் காலி.
மேலாளர் போன பின் பேனாவை எடுத்தேன். நீலம்.
புகார்: இடது இறக்கை இன்னும் கூர்மை.
நடவடிக்கை:
உறையைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பலகை அறுபத்தொரு சொல் வந்தது.
விசில் எதற்கு, அதை எடுத்துவிடு என்கிறார்.
நான் நாட்டின் பெயரை எடுத்தேன்.